செக்கும் ஒரு சிறு புத்தகமும்

வருஷா வருஷம் ஜனவரியில் நந்தனத்தில் நடக்கும் புத்தகக் காட்சிக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். நாவல்களும் சிறுகதைகளும் அடுக்கிவைத்த கடைகளில் ஜனங்கள் வருவார்கள், புரட்டுவார்கள், முன்னுரையை நின்றபடியே படித்துவிட்டு நகர்ந்து போவார்கள். ஆனால் வெற்றி, உயர்வு, தன்னம்பிக்கை என்ற சொற்களை அட்டையில் கொட்டை எழுத்தில் போட்ட புத்தகங்கள் இருக்கும் இடத்தில், வருகிறவர்கள் கையில் ஒன்றையாவது வாங்கிக்கொண்டுதான் போகிறார்கள். கதை எழுதுகிற ஜாதிக்கு இதைப் பார்த்தால் கொஞ்சம் வயிற்றெரிச்சல் உண்டாவது சகஜம். "இதெல்லாம் இலக்கியமா?" என்று கேட்டுவிட்டு, காபிக் கடைப் பக்கம் ஒதுங்கிவிடுவது எங்கள் வழக்கம்.

நான் அப்படி ஒதுங்குவதில்லை. அந்தப் புத்தகங்களை வாங்குகிறவர்களின் முகத்தைப் பார்ப்பேன். பெரும்பாலும் இருபதிலிருந்து முப்பது வயதுக்குள் இருப்பார்கள். சட்டைப் பையில் அதிகப் பணம் இருக்காது. விலையை இரண்டு தரம் பார்ப்பார்கள். பொழுது போக்குவதற்காக அல்ல, ஏதோ ஒன்றிலிருந்து தப்பிப்பதற்காக அவர்கள் புத்தகம் வாங்குகிறார்கள் என்பது பார்த்த மாத்திரத்திலேயே தெரியும். மருந்துக் கடையில் சீட்டை நீட்டுகிறவனின் முகம் அது. அந்த மருந்தை முதன்முதல் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தவர் யார், எந்த நிலைமையில் கொண்டுவந்தார் என்ற கதை அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இந்த ரகப் புத்தகமெல்லாம் அமெரிக்கச் சரக்கு என்று பலர் எண்ணுகிறார்கள். டேல் கார்னெகி 1936-ல் எழுதிப் பெயரெடுத்தாரே, அன்று ஆரம்பித்தது என்பது அவர்கள் கணக்கு. உண்மையில் இதன் பிறப்பு இன்னும் பழையது. ஸ்காட்லாந்தில் ஹாடிங்டன் என்ற ஊரில் பிறந்த சாமுவேல் ஸ்மைல்ஸ் வைத்தியம் படித்தவர். பிறகு பத்திரிகை ஆசிரியரானார். லீட்ஸ் நகரத்தில் தொழிலாளிப் பிள்ளைகள் சிலர் இரவு நேரத்தில் தாங்களே கூடிப் படித்து வந்தார்கள். அவர்களுக்காக 1845-ல் அவர் செய்த பிரசங்கங்களே வளர்ந்து 'ஸெல்ஃப் ஹெல்ப்' என்ற நூலாயிற்று. 1855-ல் ஒரு பிரசுரகர்த்தர் வேண்டாமென்று திருப்பிவிட்டார். 1859-ல் ஸ்மைல்ஸ் தம் சொந்தப் பொறுப்பிலேயே அதை அச்சிட வைத்தார். முதல் வருஷத்திலேயே இருபதாயிரம் பிரதிகள் போயின. 1904-ல் அவர் இறப்பதற்குள் இரண்டரை லட்சம் விற்றிருந்தது. 1871-ல் ஜப்பானிய மொழியில் வந்து அங்கேயும் ஒரு தலைமுறையை ஆட்டிவைத்தது.

ஸ்மைல்ஸ் உழைப்பைப் பற்றி எழுதினார். உழைப்புக்கும் முன்னால் இருக்கிற எண்ணத்தைப் பற்றி எழுதியவர் ஜேம்ஸ் ஆலன். நம் கதைக்கு வேண்டியவர் அவர்தான்.

ஆலன் 1864-ம் வருஷம் நவம்பர் 28-ம் தேதி இங்கிலாந்தில் லெஸ்டர் நகரில் பிறந்தார். தகப்பனார் பின்னலாடைத் தொழிலைச் சேர்ந்தவர். 1879-ல் அந்தத் தொழில் நொடித்துப்போகவே, அமெரிக்காவில் பிழைப்புத் தேடிக்கொண்டு குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாம் என்று அவர் தனியே கப்பலேறினார். நியூயார்க்கில் இறங்கிய சில நாளைக்குள் மாண்டுபோனார். யாரோ பணத்துக்காகக் கொன்றுவிட்டார்கள் என்று குடும்பம் நம்பிற்று. மூத்த பிள்ளைக்குப் பதினைந்து வயது. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வேலைக்குப் போனான். பல வருஷம் முதலாளிகளிடம் காரியதரிசியாக, கடிதம் எழுதுகிறவராகக் காலம் கழிந்தது. 1901-ல் முதல் புத்தகம் வந்தது. அடுத்த வருஷம் சொந்தப் பத்திரிகை ஆரம்பித்தார். 1903-ல் ஏழே அத்தியாயங்கள் கொண்ட ஒரு சிறு நூல் எழுதினார். பைபிளில் நீதிமொழிகளில் வரும் ஒரு வாக்கியத்திலிருந்து அதற்குப் பெயர் எடுத்தார்: 'ஆஸ் எ மேன் திங்கெத்.' பிறகு மனைவியுடன் இல்பிரகூம் என்ற கடற்கரை ஊருக்குப் போய், எளிமையாக வாழ்ந்து, எழுதிக்கொண்டே இருந்தார். 1912 ஜனவரி 24-ல் நாற்பத்தேழாம் வயதில் காலமானார். பணமும் சேரவில்லை; பெரும் புகழும் உயிரோடிருந்தபோது வரவில்லை.

அவருடைய சித்தாந்தம் சுருக்கமானது. மனிதன் எதை இடைவிடாமல் எண்ணுகிறானோ அதுவாகவே ஆகிறான். மனத்தைத் தோட்டத்துக்கு ஒப்பிட்டு அவர் எழுதிய பகுதி பிரசித்தம். நமக்கு இது புதுச் சரக்கு அல்ல. அந்தச் சிறு நூலிலேயே புத்தர் பெயர் வருகிறது. எங்கள் அசோக் நகரில் நான்கு சிங்கங்களைச் சுமந்துகொண்டு ஒரு தூண் நிற்கிறது. போக்குவரத்து நெரிசலில் நின்று அதை அண்ணாந்து பார்க்க யாருக்கும் நேரமில்லை. கலிங்கத்தை வென்ற பிறகு மனம் மாறிய அரசனின் சின்னம் அது. மனம் மாறினால் அரசாட்சியே மாறும் என்று அன்றைக்கே கல்லில் வெட்டிவைத்த தேசம் இது. இங்கிருந்து போன சரக்குத்தான் லெஸ்டர்காரர் கையில் வேறு காகிதத்தில் பொட்டலம் கட்டப்பட்டது என்று சொன்னாலும் தவறில்லை.

அது திரும்பி வந்த வழிதான் ஆச்சரியமானது. கோயமுத்தூர் ஜெயிலின் வழியாக வந்தது.

வ.உ.சிதம்பரம் பிள்ளையைப் பற்றி நேயர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1872-ம் வருஷம் செப்டம்பர் 5-ம் தேதி ஒட்டப்பிடாரத்தில் பிறந்தவர். வக்கீல். தூத்துக்குடியில் 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஆரம்பித்தார். பத்து லட்சம் ரூபாய் மூலதனம். பங்கு ஒன்றுக்கு இருபத்தைந்து ரூபாய் வீதம் நாற்பதாயிரம் பங்குகள். 'காலியா', 'லாவோ' என்ற இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன. எதிரில் நின்றது பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி. அது கட்டணத்தைக் குறைத்தது, பின்னும் குறைத்தது, கடைசியில் சும்மாவே ஏற்றிக்கொள்கிறோம், குடையும் தருகிறோம் என்றது. குடைக்கு ஆசைப்பட்டுப் போனவர்களும் இருந்திருக்கத்தான் வேண்டும். 1908 பிப்ரவரி, மார்ச்சில் கோரல் ஆலைத் தொழிலாளிகளின் வேலைநிறுத்தம் நடந்தது. மார்ச் 12-ல் சிதம்பரம் பிள்ளையைக் கைது செய்தார்கள். ஜூலை 7-ல் நீதிபதி பின்ஹே இரண்டு ஆயுள் தண்டனை விதித்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து. செய்தி கேட்டு அவர் தம்பிக்குச் சித்தம் கலங்கிப் போயிற்று. அப்பீலில் தண்டனை ஆறு வருஷமாகக் குறைந்தது.

கோயமுத்தூர் ஜெயிலில் அவரைச் செக்கில் பூட்டினார்கள். மாடு இழுக்கும் செக்கு. வக்கீல் இழுத்தார்.

இந்தக் காட்சியை நாம் பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறோம், சினிமாவில் பார்த்துக் கண்ணீர் விட்டிருக்கிறோம். ஆனால் அதே ஜெயிலில் அதே மனிதர் வேறொன்றும் செய்தார் என்பதை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. ஜேம்ஸ் ஆலனின் அந்தச் சிறு நூலை அவர் தமிழாக்கினார். 'மனம் போல வாழ்வு' என்று பெயர் வைத்தார். 1909-ல் அது வெளியாயிற்று. பிற்பாடு கண்ணனூர் ஜெயிலுக்கு மாற்றப்பட்டு, 1912 டிசம்பர் 24-ம் தேதி விடுதலையானார். ஆலன் அதே வருஷம் ஜனவரியில் மறைந்துவிட்டிருந்தார். தம்முடைய புத்தகத்தை ஒரு ராஜத்துரோகக் கைதி கடல் கடந்த ஒரு பாஷையில் எழுதிக்கொண்டிருக்கிறான் என்பது அவருக்குத் தெரிந்திருக்குமா என்று எண்ணிப் பார்க்கிறேன். பிள்ளையவர்கள் அவரை விடவில்லை. 1914-ல் 'அகமே புறம்', 1916-ல் 'வலிமைக்கு மார்க்கம்', 1934-ல் 'சாந்திக்கு மார்க்கம்' என்று ஆலனின் நூல்கள் தமிழில் வந்தன. முதல் நூலுக்கும் கடைசி நூலுக்கும் இருபத்தைந்து வருஷ இடைவெளி. ஒரு மனிதர் கால் நூற்றாண்டு ஓர் ஆசிரியரோடு சகவாசம் வைத்துக்கொண்டார் என்றால், அது பொழுதுபோக்குக்காக இருக்க முடியாது.

அந்தத் தலைப்பைப் பாருங்கள். மனம் போல மாங்கல்யம் என்று நம் வீடுகளில் பெரியவர்கள் சொல்லுவார்கள். கல்யாணப் பெண்ணை வாழ்த்துகிற அந்த வாக்கின் சாயலை எடுத்து, பைபிள் வாக்கியத்தின்மேல் போர்த்தி, ஆங்கிலப் புத்தகத்தைத் தமிழ்ப் பெண்ணாக்கிவிட்டார். 'அகமே புறம்' என்பது இன்னும் ஒரு படி மேல். அகம், புறம் என்று பிரித்தே பழகிய இலக்கியத்தில், இரண்டும் ஒன்றேதான் என்று இரண்டே சொற்களில் சொல்வதற்குத் தொல்காப்பியம் படித்த ஒருவரால்தான் முடியும். பின்னாளில் தொல்காப்பிய இளம்பூரணத்தைப் பதிப்பித்தவர் அல்லவா அவர்!

இங்கேதான் ஒரு கஷ்டமான கேள்வி வருகிறது. அதை நான் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்ள மாட்டேன். எங்கள் தெருவில் இருக்கும் ஒரு பிள்ளை என்னிடம் கேட்டது அது. அவனுக்கு இருபத்தேழு, இருபத்தெட்டு வயது இருக்கும். வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். நாலு மாதமாக வீட்டிலிருந்தான். அக்கா வீட்டுக்காரர், நல்ல எண்ணத்தோடுதான், தன்னம்பிக்கைப் புத்தகம் ஒன்றைப் படிக்கச் சொல்லிக் கொடுத்திருந்தார். ஒரு நாள் சாயங்காலம் அதைக் கையில் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான்.

"சார், எனக்கு வருவதெல்லாம் என் எண்ணத்தால் வருகிறது என்று இதில் போட்டிருக்கிறது. அந்த ஆலையில் முந்நூறு பேர் இருந்தோம். முந்நூறு பேரும் ஒரே நாளில் கெட்டதாக எண்ணினோமா?"

பரிகாசமாகக் கேட்டிருந்தால் நானும் சிரித்திருப்பேன். அவன் கண்ணில் பரிகாசம் இல்லை. அவன் உள்ளுக்குள் அதை நம்பத் தொடங்கியிருந்தான். தன் எண்ணத்தில்தான் ஏதோ கோளாறு என்று ராத்திரி தூங்காமல் தேடியிருக்கிறான். மருந்தே நோயாகிவிட்டது.

இந்த வகை இலக்கியத்தின்மேல் சொல்லக்கூடிய பெரிய குற்றச்சாட்டு இதுதான். இலக்கியத் தரம் இல்லை என்பதெல்லாம் சின்ன விஷயம். ஏழையைப் பார்த்து, உன் ஏழ்மை உன் மனத்திலிருக்கிறது என்று சொல்வது கொடுமை அல்லவா? கொடுப்பவனுக்கு அது சௌகரியமான தத்துவம். கூலியைக் கூட்ட வேண்டாம். ஒரு புத்தகம் வாங்கிக் கொடுத்தால் போதும். ஆலனும் இந்தக் குற்றத்திலிருந்து முழுக்கத் தப்புகிறவர் அல்லர். சூழ்நிலையைப் பற்றி அவர் எழுதிய இரண்டாவது அத்தியாயத்தில் நம் மனம் ஒப்பாத இடங்கள் இருக்கின்றன. அவருடைய தகப்பனார் நியூயார்க்கில் எந்தக் கெட்ட எண்ணத்தால் கொல்லப்பட்டார் என்று அவரிடமே கேட்கத் தோன்றுகிறது.

ஆனால் சிதம்பரம் பிள்ளை அந்த அத்தியாயத்தைத் தமிழாக்கினாரே! கப்பல் கம்பெனி ஏன் முழுகிற்று என்பது அவரைவிட வேறு யாருக்குத் தெரியும்? குடையும் இலவசப் பயணமும் கொடுத்தவர்கள் யார், சட்டம் யார் கையில் இருந்தது, நீதிபதி யாருடைய சம்பளக்காரர் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். சூழ்நிலையை மாற்றுவதற்காகவே கப்பல் விட்டவர். ஆலைத் தொழிலாளிகள் கூலி உயர்வு கேட்டபோது, மனத்தைத் திருத்திக்கொள்ளுங்கள் என்று உபதேசம் செய்யாமல் அவர்களோடு நின்றவர். அப்படிப்பட்டவர் செக்கடியிலிருந்து இந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டார் என்றால் அதை எப்படிப் படித்திருப்பார்?

எனக்குத் தோன்றுவது இது. வெளியே இருப்பவனுக்கு இந்தத் தத்துவம் ஒரு விளக்கம்: ஏன் ஒருவன் உயர்ந்தான், ஏன் ஒருவன் தாழ்ந்தான் என்று காரணம் சொல்வதற்கு உதவுகிற கணக்கு. உள்ளே இருப்பவனுக்கு அது ஒரு கருவி. கப்பலைப் பிடுங்கிக்கொண்டார்கள். தொழிலைப் பிடுங்கிக்கொண்டார்கள். சொந்தத் துணியைக் கழற்றி ஜெயில் உடுப்பைக் கொடுத்தார்கள். கையையும் காலையும்கூடச் செக்குக்கு என்று எழுதிவைத்துவிட்டார்கள். எஞ்சியிருந்தது மனம் ஒன்றுதான். அந்த ஒரு காணி நிலத்தை யாருக்கும் குத்தகைக்கு விடுவதில்லை என்று அவர் தீர்மானித்தார். அதைப் பயிரிடுவது எப்படி என்று சொல்கிற புத்தகம் கைக்குக் கிடைத்தது, மொழிபெயர்த்தார். என் துன்பத்துக்கு நானே காரணம் என்று அவர் அதில் படித்திருக்க மாட்டார். என் துன்பத்துக்கு நான் அடிமையில்லை என்று படித்திருப்பார். ஒரே வரி இரண்டு இடத்தில் இரண்டு அர்த்தம் தருகிறது.

திருவள்ளுவர் இந்தச் சிக்கலை அறிந்தவர். ஊழ் என்று ஓர் அதிகாரம் வைத்தார், முப்பத்தெட்டாவது. ஊக்கமுடைமை என்று ஒன்று வைத்தார், அறுபதாவது. ஆள்வினையுடைமை என்று அறுபத்திரண்டாவதாக இன்னொன்று வைத்தார். ஒன்றை ஒன்று வெட்டுகிறதே என்று அவர் எதையும் அடித்துவிடவில்லை. வாழ்க்கை இரண்டாலும் ஆனது என்று விட்டுவிட்டார். வ.உ.சி. குறளில் தோய்ந்தவர், அதற்கு உரை எழுதியவர், குறளை அடியொற்றி 'மெய்யறம்' என்று ஒரு நீதிநூலே இயற்றியவர். ஆலனை அவர் வள்ளுவரின் பக்கத்தில் உட்காரவைத்துப் படித்தார். இன்றைக்கு நம் பிள்ளைகள் ஆலனின் பேரன்மாரை மட்டும் தனியே படிக்கிறார்கள். வித்தியாசம் அங்கேதான்.

அந்தப் பிள்ளையிடம் நான் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். ஆலை மூடியதற்கு நீ காரணமில்லை. நாளைக் காலையில் எழுந்து சவரம் செய்துகொள்வதற்கு நீ காரணம். இரண்டையும் கலக்காதே என்றேன். காபியைக் குடித்தான். "புத்தகத்தில் இப்படிப் பிரித்துப் போடவில்லையே, சார்" என்றான். வாஸ்தவம். போட்டிருக்க வேண்டும்.

விடுதலைக்குப் பிறகு பிள்ளையவர்களின் வாழ்க்கை மனம் போல அமைந்ததா என்று கேட்டால், புறக் கண்ணுக்கு இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஜெயில் வாசலில் அவரை வரவேற்கக் கூட்டம் காத்திருக்கவில்லை. வக்கீல் சன்னது போய்விட்டது. சென்னையில் குடியிருந்து சிறு வியாபாரங்கள் செய்து பார்த்தார், கை கொடுக்கவில்லை. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்கென்று திரட்டிக் காந்தியிடம் கொடுத்திருந்த ஒரு தொகைக்காக 1915-ல் காந்திக்குக் கடிதம் மேல் கடிதம் எழுத நேர்ந்தது. 347 ரூபாய் 12 அணா. அது 1916-ன் துவக்கத்தில் வந்து சேர்ந்தது. பத்து லட்ச ரூபாய்க் கம்பெனியை நடத்தியவர் அணாக் கணக்குக்குக் காத்திருந்தார். அந்தக் கடிதங்களில் கெஞ்சல் இல்லை, கோபமும் இல்லை. சேர வேண்டியதைக் கேட்கிற ஒரு கனவானின் நிதானம் இருக்கிறது. அந்த நிதானம் எங்கிருந்து வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பிற்பாடு வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதியின் உதவியால் சன்னது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்குத் தம் பிள்ளை ஒருவருக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். வெள்ளை ஆட்சி தம்மைச் செக்கில் பூட்டியது என்பதற்காக ஒரு வெள்ளைக்காரரிடம் பட்ட நன்றியை அவர் மறக்கவில்லை. பகையை மனத்தில் வளர்த்தால் பயிர் கெடும் என்பது ஆலனின் பாடம். அதைப் புத்தகத்தில் மட்டும் அவர் மொழிபெயர்க்கவில்லை. கோவில்பட்டியிலும் தூத்துக்குடியிலும் வக்கீல் தொழில் செய்தார். தமிழ் நூல்களைப் பதிப்பித்தார். 1935-ல் சிவஞானபோதத்துக்கு உரை வெளியிட்டார். 1936 நவம்பர் 18-ம் தேதி தூத்துக்குடியில் காலமானார். டேல் கார்னெகியின் புத்தகம் நியூயார்க்கில் வந்து லட்சக்கணக்கில் விற்கத் தொடங்கியதும் அந்த வருஷத்தில்தான்.

அவர் போட்ட பாதை மூடிவிடவில்லை. தொண்டியில் பிறந்த அப்துற்-றஹீம், நாடு சுதந்தரம் அடைந்ததை ஒட்டிய காலத்தில், வாழ்க்கையில் வெல்வதைப் பற்றிச் சொந்தத் தமிழில் நூல் நூலாக எழுதத் தொடங்கினார். கிராமத்து நூலகங்களில் அட்டை கிழிந்து தையல் விட்டுப்போன புத்தகம் எது என்று பார்த்தால் பல இடங்களில் அவருடையதாக இருக்கும். மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து அமெரிக்கா போய்த் திரும்பிய எம்.எஸ். உதயமூர்த்தி 'எண்ணங்கள்' எழுதினார். தனி மனிதனின் எண்ணம் ஊருக்கும் உதவ வேண்டும் என்று 1988-ல் மக்கள் சக்தி இயக்கம் கண்டார். அதே வருஷம் வந்த 'உன்னால் முடியும் தம்பி' படத்தில் கதாநாயகனுக்கே அவர் பெயரைச் சூட்டினார்கள். 2013-ல் அவர் மறைந்தார். இவர்கள் யாரும் பிள்ளையவர்களின் நேர் வாரிசு என்று நான் சொல்லவில்லை. தன்னை உயர்த்திக்கொள்வதும் நாட்டை உயர்த்துவதும் ஒரே காரியத்தின் இரண்டு கை என்ற எண்ணம் அவர்களிடம் இருந்தது. இன்றைய கடைகளில் அந்த இரண்டாவது கை காணாமல் போய்க்கொண்டிருக்கிறது. பணம் சேர்ப்பது எப்படி என்பதோடு புத்தகம் முடிந்துவிடுகிறது.

'மனம் போல வாழ்வு' இன்றும் கிடைக்கிறது. சின்னப் புத்தகம்தான், ஒரு பிற்பகலில் முடித்துவிடலாம். நடை பழைய காலத்தது. கொஞ்சம் பொறுமை வேண்டும். வாங்குகிறவர்களுக்கு ஒரு யோசனை சொல்வேன். சென்னையில் இருப்பவர்கள் கிண்டியில் காந்தி மண்டபத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள். சிதம்பரம் பிள்ளை இழுத்த செக்கை அங்கே வைத்திருக்கிறார்கள். கல்லுரலையும் அதன் கனத்தையும் நிதானமாகப் பாருங்கள். பிறகு வீட்டுக்கு வந்து, சூழ்நிலையைப் பற்றிய இரண்டாவது அத்தியாயத்தைப் பிரியுங்கள். அதை எழுதியவர் ஜெயிலுக்கு வெளியே உட்கார்ந்து எழுதினார். தமிழில் நமக்குத் தந்தவர் எங்கே இருந்து தந்தார் என்பது ஞாபகம் இருந்தால், அதை இன்னொருவன் தலையில் அடிக்கிற தடியாக நாம் பயன்படுத்த மாட்டோம்.